ஒரே நிறத்தில் இரண்டு வண்டிகள்

1

போன வாரம் என் தபால் பெட்டியில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. இரண்டுமே வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து வந்தவை. இரண்டிலும் ஒரே கார் நிறுவனத்தின் பெயர், ஒரே சாம்பல் நிறம், பதிவைப் புதுப்பிக்க வேண்டிய ஒரே தேதி. ஒன்று என் வண்டிக்கு, இன்னொன்று ஷோபாவின் வண்டிக்கு.

ஷோபா என் மனைவி. சட்டப்படி இன்னும் மனைவிதான். பெர்த் நகரின் வடக்கில் நாங்கள் சேர்ந்து வாங்கிய வீட்டில் அவளும் எங்கள் மகள் ஜெனியும் இருக்கிறார்கள். ஜெனிக்குப் பன்னிரண்டு வயது. நான் அங்கிருந்து இருபது நிமிடத் தொலைவில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். வீடு மாறியபோது தபால் நிலையத்தில் முகவரி மாற்றத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் என் அப்பாவின் பெயரை எழுதினேன். இங்கே எங்கள் மூவருக்கும் குடும்பப் பெயர் அதுதான் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. அன்றிலிருந்து ஷோபாவுக்கு வரும் கடிதங்களில் பாதி எனக்கு வருகின்றன. சரிசெய்ய வேண்டுமானால் இருவரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். இருவருக்கும் ஒரே நாளில் ஓய்வு அமைவதே இல்லை.

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் என் வண்டியை நிறுத்தினேன். அவள் வண்டி உள்ளே நின்றது. ஓராண்டுக்குப் பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன்.

ஊரிலிருந்து நண்பர்கள் அவ்வப்போது கேட்பார்கள். இந்த இரண்டு வண்டிகளும் இப்போது எங்கள் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைத் தெருக்களிலும் ஓடுகின்றன. எதை வாங்கலாம், நீதான் இரண்டையும் ஓட்டியிருக்கிறாயே என்பார்கள். உண்மைதான், ஓட்டியிருக்கிறேன். எஞ்சின் ஒன்றே. கியரும் ஒன்றே. ஸ்டியரிங், முன்பக்கத் திரை, ஏசி பொத்தான்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் ஒரே இடத்தில் இருக்கும். பெரியது இரண்டு சாண் நீளம் அதிகம். அந்த நீளம் முழுவதும் பின்னிருக்கைக்கும் டிக்கிக்கும் போகிறது. பின்னால் உட்காருபவருக்கு முழங்கால் இடிக்காது, முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம், அவர்களுக்கென்று தனியாக ஏசிக் காற்று வரும். கையில் பைகள் இருந்தால் காலை அடியில் நீட்டினால் போதும், டிக்கி தானாகத் திறக்கும். கூரையில் இரண்டு பக்கமும் கம்பிகள் உண்டு. பின்கதவைத் தாண்டி முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு.

சின்னதில் இவையெல்லாம் கிடையாது. ஆனால் அது சட்டென்று திரும்பும். நெருக்கமான சந்தில் நிறுத்தலாம். எடை குறைவென்பதால் பெட்ரோலும் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். நெடுஞ்சாலையில் டயர் சத்தம் உள்ளே கேட்பது ஒரு குறை. பெரியதிலும் அதே சத்தம் இருக்கத்தான் வேண்டும், ஒரே டயர்தானே. ஓட்டிப் பார்த்த அன்று எனக்கு அது கேட்கவில்லை. பின்னால் ஜெனி பேசிக்கொண்டே வந்தாள்.

2

நான் இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. முதல் பதினொரு வருடம் வடக்கே ஒரு இரும்புச் சுரங்கத்தில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். விமானத்தில் போய் விமானத்தில் வர வேண்டும். என் தாத்தா தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். பூமிக்குள் எவ்வளவோ ஆழம் இறங்கினார். ஆனால் ஷிப்ட் முடிந்ததும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்து, வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றார். நான் வெட்டவெளியில் வெயிலில்தான் வேலை செய்தேன். வீட்டுச் சோற்றுக்கு இரண்டு வாரம் காத்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு நகரத்திலேயே ஒரு பணிமனையில் வேலை கிடைத்தது. இனிமேல் தினமும் வீட்டுக்கு வரலாம். சந்தோஷமாக வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் எல்லாம் நானில்லாமலே ஓடக் கற்றுக்கொண்டிருந்தது. எந்தக் கிழமை எந்தக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும், ஜெனிக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவை எப்படித் தட்டினால் மூடும், எல்லாம் ஷோபாவுக்குத் தெரியும். நான் பாத்திரங்களைக் கழுவி வேறு அலமாரியில் வைப்பேன். அவள் எதுவும் சொல்லாமல் எடுத்துப் பழைய இடத்தில் வைப்பாள். மூன்றாவது வாரம் ஜெனி என்னிடம், எப்போது திரும்பிப் போவீர்கள் என்று கேட்டாள். ஏதோ விசாரிக்க வேண்டுமென்று சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் இனி போக மாட்டேன் என்றேன். ஓ, என்றாள்.

நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. அதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். ஷோபா பெரம்பூரில் வளர்ந்தவள், ரயில்வே குடும்பம். இங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அதிகம் பேசாதவள் இல்லை. என்னிடம் பேசுவது மட்டும் மெல்லமெல்லக் குறைந்தது. அதை அப்போது நான் அமைதி என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய கார் தவணை முறையில் செத்துக்கொண்டிருந்ததால், புதிது ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தோம். இரண்டு சனிக்கிழமை அந்த ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் நல்ல மனிதர். குடும்பத்துக்கு எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டார். நான் சின்னதன் பின்னால் போய் நின்று, டிக்கியைக் காட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நம்மூரில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு இங்கே கொச்சையான வேறு அர்த்தம் இருக்கிறது. அவர் முகம் சிவந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு திறந்தார். ஜெனி எங்களுக்குத் தொடர்பே இல்லாதவள் போல் பத்தடி தள்ளிப்போய் நின்றாள். ஷோபா சிரித்துவிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு அது. இன்று சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சின்னது போதும் என்பது என் கட்சி. மூன்று பேர்தானே, எதற்கு அவ்வளவு இடம் என்றேன். ஷோபா பெரியதைக் கேட்டாள். ஜெனியின் தோழிகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், வலைப்பந்துச் சாமான் இருக்கிறது, அவளுடைய சித்தி வந்தால் பெட்டிகள் இருக்கும். அவள் சொன்ன பட்டியல் முழுவதும் நான் கேட்டேயிராத விஷயங்கள்.

முதல் சனிக்கிழமை நான் ஓட்டியிருந்த பெரியதை இரண்டாவது சனிக்கிழமை அவளே ஓட்டிப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷோரூமுக்குத் திரும்பும் வழியில் சிவப்பு விளக்கு விழுந்தது. அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க சின்னதை எடுத்துக்கோங்க. நான் பெருசை எடுத்துக்கிறேன்."

வீட்டுக்கு இரண்டு வண்டி எதற்கு என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். பின்னால் ஜெனி பேச்சை நிறுத்தியிருந்தாள். பச்சை விழுந்தது.

விற்பனையாளருக்கு ஒரே குடும்பத்தில் இரண்டு விற்பனை. இரண்டிலும் சாம்பல் நிறம்தான் உடனே கிடைக்கும் என்றார். இருவருமே பரவாயில்லை என்றோம்.

3

தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டில் கார் இருந்ததில்லை. அப்பாவிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. அவர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தார். புல்டோசருக்குப் போகும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, சரியென்றால் ஒரு குறியும் இல்லையென்றால் இன்னொரு குறியும் போடுகிற வேலை. ஒரே வரைபடத்தில் செய்த இரண்டு பல்சக்கரங்களைக் கையில் வைத்துப் பார்த்து, இது காலை ஷிப்ட், இது மத்தியான ஷிப்ட் என்று சொல்வார் என்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். இட்லித் தட்டில் ஒரு குழி மட்டும் ஆழம் குறைவென்று அம்மாவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இருவரும் அதிகம் பேசிக்கொள்வார்கள். எதைப் பற்றியென்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. குழாயில் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் எப்போது வரும், மார்க்கெட்டில் அவரைக்காய் வந்துவிட்டதா, சபை ஆராதனையில் யார் புதிதாகப் பாடுகிறார்கள். நான் பெங்களூரில் வேலைக்குப் போன காலத்தில் விடியலில் மாரிகுப்பம் ரயிலைப் பிடிக்கக் கிளம்புவேன். அப்போதே சமையலறையில் இருவரும் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். என் அறையில் படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்வேன்.

கார் வாங்கினேன் என்றதும் அப்பா புகைப்படம் கேட்டார். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, எஞ்சின் மூடி திறந்தபடி என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கினார். அனுப்பியது சின்னதன் படங்கள். அதற்குள் நான் வீடு மாறியிருந்தேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை ஜெனி என்னிடம் வரும் நாள். அதனால் ஊருக்குப் பேசும் நாளையும் ஞாயிறாக வைத்துக்கொண்டேன். அவர்கள் ஆராதனை முடிந்து வீடு திரும்பும் நேரம் எங்களுக்கு மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். கேமராவுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் மட்டும் தெரியும்படி உட்காருவோம். ஷோபா எங்கே என்று அம்மா கேட்பாள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்பேன். ஞாயிறு தவறாமல் அவளுக்கு வேலை போட்டேன்.

இதற்கு ஜெனியையும் பழக்கினேன். தாத்தா பாட்டிக்கு வயதாகிவிட்டது, வருத்தப்படுவார்கள், நேரம் பார்த்து நானே சொல்கிறேன், அதுவரை நீ எதுவும் சொல்லாதே என்றேன். அவளுக்குத் தமிழ் புரியும், பேசும்போது திக்கும். அந்தத் திக்கலுக்குள் பொய்யையும் சேர்த்துச் சொல்வது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. 'வீட்டுக்கு' என்று ஆரம்பித்து, எந்த வீடு என்று யோசித்து, நிறுத்திவிடுவாள். கொஞ்ச நாளில் ஹலோ, நல்லா இருக்கேன், பை என்ற மூன்று சொற்களோடு எழுந்து போகத் தொடங்கினாள். பிள்ளை வளர்கிறாள், தமிழ் மறந்துபோகிறது என்று அம்மா வருத்தப்பட்டாள். நானும் ஆமாம் என்றேன்.

ஷோபா வாரத்துக்கு ஒருமுறை ஜெனியின் புகைப்படம் ஒன்றை அம்மாவுக்கு அனுப்புவாள். பிரிந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று நான் கேட்டதும் இல்லை. அப்படி வந்த ஒரு படத்தில் ஜெனி வலைப்பந்துக் கோப்பையைப் பிடித்தபடி பெரிய வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்த ஞாயிறு அப்பா தொலைபேசியை அம்மாவிடமிருந்து வாங்கினார்.

"இன்னா சாமு, வண்டி மேல கம்பி கீது. நீ அனுப்புனதுல இல்லியே."

"அது அப்புறம் போட்டதுப்பா."

"பின்கதவுக்கு அப்பால சின்னதா ஒரு கண்ணாடி கீதே. அதயும் அப்புறம்தான் போட்டாங்களா?"

நான் ஏதோ சொன்னேன். புகைப்படத்தில் அப்படித் தெரிகிறது என்றோ என்னவோ. அவர் சரி என்றார். அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பெல்லாம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எண்ணெய் மாற்றினாயா என்று கேட்காமல் விட மாட்டார்.

5

இந்த வருடம் அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருடம். சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவதென்று ஏற்பாடு. ஜெனியைக் கூட்டிப்போக ஆசைப்பட்டேன். பிள்ளை ஒரு பெற்றோருடன் மட்டும் நாட்டைவிட்டுப் போவதென்றால் மற்றவர் சம்மதக் கடிதம் தர வேண்டும், அதற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஷோபா எல்லாம் முடித்து ஒரு உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஜெனிதான் வர மாட்டேன் என்றாள். பள்ளியில் முகாமாம். இரண்டு நாள் கழித்து, முகாம் மட்டும் காரணமில்லை என்றாள். அங்கே வந்து அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வது என்று தனக்குத் தெரியவில்லை என்றாள்.

தனியாகப் போனேன். பெங்களூரிலிருந்து ரயிலில் பங்காருபேட்டையில் இறங்கினேன். நடைமேடையில் அப்பா நின்றிருந்தார். வரச் சொல்லவில்லை. எழுபத்தாறு வயதில் பஸ் பிடித்து வந்திருந்தார். தங்கவயலுக்குப் போகும் மாரிகுப்பம் வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. இரண்டு டீ வாங்கிக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜெனி ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.

கோலாருக்குப் போயிருந்தேன் என்று ஆரம்பித்தார். அங்கே நெடுஞ்சாலையில் புதிதாக ஒரு ஷோரூம் வந்திருக்கிறதாம். இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்களாம். இவர் சட்டைப்பையில் அளவு நாடாவோடு போயிருக்கிறார். அங்கிருந்த பெண் கன்னடத்தில் எது வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். என் பையனிடம் இரண்டும் இருக்கிறது, சும்மா பார்க்க வந்தேன் என்றிருக்கிறார். அந்தப் பெண் மரியாதையாக நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, கதவையெல்லாம் திறந்து காட்டினாளாம். இவர் நீளம், அகலம், கண்ணாடி எல்லாம் அளந்திருக்கிறார்.

டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"சின்னதுல அந்தக் கண்ணாடி வரவே வராது சாமு. வேற வேற வண்டி அது."

"ஆமாம்பா."

"ஒண்ணு உன்னுது. ஒண்ணு அந்தப் பொண்ணுது."

"ஆமாம்."

"ரெண்டும் ஒரே வூட்டாண்ட நிக்கிதா?"

இல்லை என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் ஏதோ வண்டி தாமதம் என்று கன்னடத்தில் சொன்னார்கள். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டார். நானே சமைத்துக்கொள்கிறேன் என்றேன். ஒருத்தனுக்கு மட்டும் எப்படி அளவு போடுகிறாய் என்று கேட்டார். எப்போதும் மிஞ்சித்தான் போகிறது என்றேன்.

ரயில் வருவதற்குக் கொஞ்சம் முன்பு அவராகவே பேசினார்.

"உங்கம்மாகிட்ட சொல்லல. அஞ்சு மாசமா வாய மூடிக்கினு கீறேன். அவ போட்டோவ எடுத்தாந்து காட்டுனா, நா எழுந்து வெளிய பூடறேன். அம்பது வருசத்துல அவகிட்ட மறச்சது இது ஒண்ணுதான். வூட்ல இருக்கிறதே ரெண்டு பேரு."

என் பெட்டியைத் தூக்கப் போனார். நான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அது எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலை என் பழைய அறையில் விழித்தபோது சமையலறையில் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா அங்கே இருந்தாள். அப்பா வாசலில் செய்தித்தாளை வைத்துக்கொண்டிருந்தார். நான் பெர்த்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பொய் சொன்னதில், ஆண்டர்சன்பேட்டையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

6

ஆராதனை முடிந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அன்று மத்தியானம் அம்மா பீரோவிலிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்துக் காட்டினாள். பச்சையில் மெல்லிய கரை. ஷோபாவுக்கு எடுத்ததாம். போகும்போது கொண்டுபோய்க் கொடு, கரை பெரிதாக இருந்தால் அவளுக்குப் பிடிக்காது, அதனால் தேடித்தேடி இதை எடுத்தேன் என்றாள். எனக்கு அது தெரியாது. ஷோபாவுக்குப் பெரிய கரை பிடிக்காது என்பது எனக்குத் தெரியாது.

கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா புடவையை மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்து முடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அதுதானா என்று மட்டும் சொன்னாள்.

பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷோபாவிடம்தான் பேசுகிறாள் என்று தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. அம்மாவின் குரல் உயரும் என்று பயந்தேன், உயரவே இல்லை. நெடுநேரம் அம்மா பேசாமல் இருந்தாள். எதிர்முனையில் ஷோபாதான் பேசியிருக்க வேண்டும். அப்பா வாசலிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. என் எதிரில் நின்றாள்.

"நீ இன்னாடா பண்ண அவள?"

"நா ஒண்ணுமே பண்ணலம்மா."

"அதத்தான் அவளும் சொன்னா."

அம்மா சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் எழுந்து அங்கே போனார். பிறகு அம்மா அவரை ஏசுவது கேட்டது. ஐந்து மாதமாக எப்படி அய்யா மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். அவள் மறுபடி ஏசினாள். நாளைக்கு எத்தனை பேருக்கு இலை போடுவது, காய் நறுக்க யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு மெதுவாக வேறு பக்கம் போனது. நான் என் அறையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சபையில் எல்லோரும் வந்திருந்தார்கள். பூதிகோட்டையிலிருந்து அப்பாவோடு வேலை செய்தவர்கள்கூட வந்திருந்தார்கள். மருமகள் வரவில்லையா என்று கேட்டவர்களிடம் அம்மா, "வரல" என்றாள். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டு அடுத்தவரைப் பார்த்துச் சிரித்தாள். போதகர் பிள்ளைகளைக் குடும்பத்தோடு முன்னால் அழைப்பது வழக்கம். அன்று அழைக்கவில்லை. அம்மா முன்னாலேயே அவரிடம் பேசியிருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் மட்டும் முன்னால் போய் நின்றார்கள். நான் மூன்றாவது வரிசையில், ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் யாருமில்லாத இடமுமாக உட்கார்ந்து, அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் காதில் ஒருவர் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

7

திரும்பி வந்து புடவையைக் கொடுத்தேன். ஷோபா வாசலிலேயே பிரித்துப் பார்த்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது, அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று வண்டியில் வரும்போது யோசித்தேன்.

ஜெனியிடம் இனி எதையும் மறைக்க வேண்டாம் என்று சொன்னேன். அந்த ஞாயிறு அவள் பாட்டியிடம் அரை மணி நேரம் பேசினாள். தமிழ் அப்படியொன்றும் மறந்துபோயிருக்கவில்லை. இப்போது அவர்களாகவே பேசிக்கொள்கிறார்கள், நான் கூப்பிட்டுத் தர வேண்டியதில்லை. சில ஞாயிறுகளில் அவள் வரும்போதே, காலையில் அம்மா வீட்டிலிருந்து பேசிவிட்டேன் என்கிறாள். நல்லதுதான். அந்த நாட்களில் நான் ஊருக்குத் தனியாகக் கூப்பிட்டு, தண்ணீர் வந்ததா என்று கேட்கிறேன்.

இந்த நாட்டில் ஓராண்டு பிரிந்திருந்தால்தான் விவாகரத்துக்கு விண்ணப்பிக்க முடியும். ஆண்டு முடிந்துவிட்டது. இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் நீதிமன்றத்துக்கு நேரில் போக வேண்டியிருக்காது என்றார்கள். படிவத்தை நானே நிரப்புகிறேன் என்று ஷோபாவிடம் சொல்லியிருந்தேன். படிவங்களாவது நான் செய்யட்டுமே என்று நினைத்தேன். நேற்று மத்தியானம் கணினி முன்னால் உட்கார்ந்தேன். பெயர், பிறந்த ஊர், கல்யாணம் நடந்த இடம் எல்லாம் எழுதியாயிற்று. பிறந்த ஊருக்கு நேரே தங்கவயல் பெயரை எழுதினால் கணினி ஏற்கவில்லை, கோலார் என்று போட்டேன். அடுத்த பக்கத்தில், பிரிந்து வாழத் தொடங்கிய தேதி என்று கேட்டிருந்தது. நாள், மாதம், வருடம் என மூன்று கட்டங்கள்.

ஷோரூமிலிருந்து திரும்பிய சனிக்கிழமையா, அதற்கு ஒரு மாதம் கழித்து நான் பெட்டியோடு வெளியே வந்த நாளா? தப்பாக எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஷோபாவைக் கூப்பிட்டேன். வேலையில் இடைவேளை நேரம். தேதி என்ன போடுவது என்று கேட்டேன்.

அவள் திருப்பிக் கேட்டாள்.

"ஃபார்முக்கா, நிஜமாவா?"

ஃபார்முக்கு என்றேன். நான் வீட்டைவிட்டு வந்த தேதியைச் சொன்னாள். கட்டங்களில் எழுதினேன். இன்னொரு தேதியை நான் கேட்கவில்லை. அவளும் தொலைபேசியை உடனே வைக்கவில்லை.